ஓரணாச் சிற்றுண்டியும் நாற்பது ஆண்டு மன்றப் பணியும்: சர் பிட்டி தியாகராயரின் வாழ்க்கை

சாணக்யபுரி (புதுடெல்லி): நாடெங்கும் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கு இன்று நண்பகலில் சமைத்த உணவு வழங்கப்படுகிறது. இத்திட்டத்தின் வேரைத் தேடிச் செல்வோர் வந்து நிற்கும் நாள்களுள் ஒன்று 1920 செப்டம்பர் 16. ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் மாணவர்களுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கச் சென்னை மாநகராட்சி மன்றம் அன்று ஒப்புதல் அளித்தது. அந்த முன்மொழிவைக் கொண்டுவந்தவர் மன்றத்தின் அப்போதைய தலைவர் பிட்டி தியாகராய செட்டி.

தமிழ்நாட்டில் அவர் நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவராகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறார். ஆனால் அவரது பொதுவாழ்வின் மிக நீண்ட பகுதி நகர மன்றத்தில் கழிந்தது. 1882-இல் மன்றத்திற்குள் நுழைந்த அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதன் உறுப்பினராக இருந்தார். மாகாணத்தின் முதல் அமைச்சர் பதவி தேடி வந்தபோதும் அதை ஏற்கவில்லை.

தறியும் கல்வியும்

தியாகராயர் 1852 ஏப்ரல் 27 அன்று பிறந்தார். தெலுங்கு பேசும் தேவாங்கர் குடும்பம், நெசவே குலத்தொழில். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1876-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பட்டதாரிகள் பெரும்பாலும் அரசுப் பணியையோ வழக்குரைஞர் தொழிலையோ நாடிய காலம் அது. அவர் தொழிலையும் வணிகத்தையும் தேர்ந்தெடுத்தார். தோல் பதனிடுதல், உப்பளம், நெசவு எனப் பல துறைகளில் ஈடுபட்டார். வடசென்னையில் அவர் நடத்திய நெசவுக்கூடத்தில் பறக்கும் நாடாத் தறிகளைப் புகுத்தினார். கையால் நாடாவை எறிந்து பிடிக்கும் பழைய முறையைவிட இத்தறியில் ஒருவர் ஒரே நாளில் கூடுதல் துணி நெய்ய முடியும். இங்கிலாந்து ஆலைத்துணியின் போட்டியில் நசிந்து கொண்டிருந்த கைத்தறிக்கு இத்தகைய மாற்றம் தேவையாக இருந்தது.

இந்திய வணிகர்களுக்கென 1909-இல் தென்னிந்திய வர்த்தக சபை சென்னையில் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக அவர் தேர்வு செய்யப்பட்டார். அதுவரை நகரின் வணிகக் குரலாக அரசு செவிமடுத்தது, ஐரோப்பியர் ஆதிக்கத்தில் இருந்த வர்த்தக அமைப்புகளின் குரலையே ஆகும்.

வரி செலுத்துவோரின் மன்றம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக் காலத்தில், 1688 செப்டம்பர் 29 அன்று செயல்படத் தொடங்கிய சென்னை மாநகராட்சி நாட்டின் மிகப் பழைய மாநகராட்சியாகும். எனினும் நகரவாசிகள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மிகத் தாமதமாகவே கிடைத்தது. 1878-ஆம் ஆண்டுச் சட்டம் மன்றத்தின் 32 உறுப்பினர்களில் பாதிப் பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்க வழி செய்தது. ஏனையோரை அரசு நியமித்தது. தலைவரும் அரசால் நியமிக்கப்பட்ட அதிகாரியே.

தியாகராயர் மன்றத்தில் இடம்பெற்ற 1882-ஆம் ஆண்டு இந்திய உள்ளாட்சி வரலாற்றில் முக்கியமானது. வைஸ்ராய் ரிப்பன் பிரபு தமது புகழ்பெற்ற உள்ளாட்சித் தீர்மானத்தை அவ்வாண்டு மே 18 அன்று வெளியிட்டார். உள்ளாட்சி மன்றங்களில் அதிகாரிகள் அல்லாத உறுப்பினர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும், இயன்ற இடங்களில் தலைவரும் அதிகாரியாக இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். நிர்வாகத் திறன் சிறிது குறைந்தாலும் மக்கள் ஆட்சிப் பயிற்சி பெறுவதே முதன்மையானது என்று அத்தீர்மானம் கருதியது. சென்னை மாநகராட்சியின் தலைமையகம் 1913-இல் திறக்கப்பட்டபோது அதற்கு அவரது பெயரே சூட்டப்பட்டது. ஆனால் தீர்மானம் சொன்னதைச் சென்னையில் நடைமுறைப்படுத்த மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

அக்கால மன்றத்தின் பணி கவர்ச்சியற்றது. வீட்டு வரி, தெரு விளக்கு, சாக்கடை, சந்தை, இடுகாடு, அம்மைத் தடுப்பு, தொடக்கப் பள்ளி ஆகியவையே கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலை நிரப்பின. செங்குன்றம் ஏரியிலிருந்து வந்த நீரை வடிகட்டி வழங்கும் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல் செயல்படத் தொடங்கியது. நிலத்தடிச் சாக்கடை படிப்படியாக விரிவடைந்தது. எந்தப் பகுதிக்குக் குழாய் முதலில் செல்லும், எந்தப் பகுதி காத்திருக்கும் என்பது மன்றத்தின் ஓயாத வழக்கு. வாக்குரிமை வரி செலுத்துவோருக்கு மட்டுமே இருந்ததால் குடிசைவாசிகளின் குரல் அங்கு நேரடியாக ஒலிக்க வழியில்லை. அவர்களுக்காக யாரேனும் ஓர் உறுப்பினர் எழுந்து பேசினால்தான் உண்டு.

எதிரணியில் இருந்த நண்பர்

மன்றத்தில் தியாகராயரோடு அடிக்கடி மோதியவர்களுள் டாக்டர் டி.எம். நாயர் குறிப்பிடத்தக்கவர். பிரிட்டனில் மருத்துவம் பயின்று திரும்பிய நாயரும் பல ஆண்டுகள் மாநகராட்சி உறுப்பினராக இருந்தவர். இருவருமே காங்கிரஸ் ஈடுபாடு கொண்டிருந்தவர்கள். ஆயினும் நகர விவகாரங்களில் கருத்து வேறுபாடு மிகுந்தவர்கள்.

இவர்களை ஒன்றிணைத்த பெருமை டாக்டர் சி. நடேச முதலியாரைச் சேரும். பிற ஊர்களிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்கு விடுதி நடத்தி வந்தவர் அவர். உயர்கல்வியிலும் அரசுப் பதவிகளிலும் பிராமணர்களின் விகிதம் மக்கள்தொகைக்கு ஒவ்வாத அளவில் மிகுந்திருந்தது என்பது அக்காலப் பிராமணரல்லாத தலைவர்களின் மனக்குறை. 1916-இல் நடைபெற்ற இம்பீரியல் சட்டமன்றத் தேர்தலில் நாயர், வி.எஸ். சீனிவாச சாஸ்திரியிடம் தோற்றார். தியாகராயரும் அதே ஆண்டில் தேர்தல் தோல்வியைச் சந்தித்தார். இத்தோல்விகள் பழைய பகையை மறக்கச் செய்தன.

1916 நவம்பர் 20 அன்று சென்னையில் கூடிய பிராமணரல்லாத தலைவர்கள், தங்கள் கருத்துகளைப் பரப்பப் பத்திரிகைகள் நடத்துவதென முடிவு செய்தனர். இதற்கெனத் தென்னிந்திய மக்கள் சங்கம் உருவானது. ஆங்கிலத்தில் ஜஸ்டிஸ், தமிழில் திராவிடன், தெலுங்கில் ஆந்திர பிரகாசிகா ஆகிய ஏடுகள் வெளிவந்தன. தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்ற பெயரில் தொடங்கப்பட்ட கட்சியை மக்கள் அதன் ஆங்கில ஏட்டின் பெயராலேயே ஜஸ்டிஸ் கட்சி என்றும் நீதிக்கட்சி என்றும் அழைக்கலாயினர். அவ்வாண்டு டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை தியாகராயரின் பெயரில் வந்தது. கல்வியிலும் பணியிலும் பிரதிநிதித்துவத்திலும் எல்லா வகுப்பினருக்கும் உரிய பங்கு கோரிய அந்த ஆவணம், பிற்காலத் தமிழக அரசியலின் திசையைத் தீர்மானித்த ஆவணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

நாயர் 1919 ஜூலையில் லண்டனில் காலமானார். கட்சியின் முழுப் பொறுப்பும் அறுபத்தேழு வயதான தியாகராயரின் தோள்களில் விழுந்தது.

அதிகாரி அமர்ந்த நாற்காலி

அவ்வாண்டுதான் சென்னை மாநகராட்சியின் அமைப்பும் மாறியது. 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் மன்ற உறுப்பினர் எண்ணிக்கையை 50-ஆக உயர்த்தியது. அதுவரை தலைவரும் நிர்வாகியும் ஒருவரே. அவர் அரசு நியமித்த அதிகாரி. புதிய சட்டம் இவ்விரண்டையும் பிரித்தது. அன்றாட நிர்வாகம் ஆணையரிடம் சென்றது. மன்றத்திற்குத் தலைமை தாங்குபவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கலாம் என்றானது. இவ்வாறு அரசு அதிகாரி அல்லாத முதல் தலைவராகத் தியாகராயர் அமர்ந்தார். மேயர் என்ற பட்டம் சென்னைக்கு மீண்டும் வந்தது பின்னர் 1933-இல்தான்.

மன்றத் தலைவரிடம் நிர்வாக அதிகாரம் இல்லை. பணியாளரை நியமிக்கவோ ஒப்பந்தம் வழங்கவோ அவரால் இயலாது. ஒரு பிரச்சினையை மன்றத்தின் முன் வைத்து, உறுப்பினர்களின் இசைவைப் பெற்று, ஆணையரைச் செயல்பட வைப்பதே அவரால் ஆகக்கூடியது. முப்பத்தெட்டு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவருக்கு இக்கலை கைவந்திருந்தது. ஆயிரம் விளக்குப் பள்ளித் தீர்மானம் அதற்குச் சான்று.

அப்பள்ளியின் பிள்ளைகள் மிக ஏழைகள் என்பதும், அதனால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை பாதிக்கப்படுகிறது என்பதும் அவர் முன்வைத்த காரணம். வயிறு காய்ந்த பிள்ளை பள்ளிக்கு வராது; வந்தாலும் நிலைக்காது. ஒரு பள்ளிக்கு மட்டும் ஏன் இச்சலுகை என்ற கேள்வி மன்றத்தில் எழுந்தது. திட்டம் பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. உணவு வழங்கப்பட்ட பள்ளிகளில் மாணவர் சேர்க்கை உயர்ந்தது.

மறுத்த பதவி

சிற்றுண்டித் தீர்மானம் நிறைவேறி மூன்று மாதங்கள் ஆவதற்குள் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கு இரட்டையாட்சி முறையின் கீழ் முதல் தேர்தல் நடந்தது. ஒத்துழையாமை இயக்கத்தை முன்னிட்டுக் காங்கிரஸ் அத்தேர்தலைப் புறக்கணித்தது. 98 இடங்களில் 63 இடங்களை நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு அமைச்சரவை அமைக்கக் கட்சித் தலைவர் தியாகராயரை அழைத்தார். அவர் மறுத்துவிட்டு, கடலூர் அ. சுப்பராயலு ரெட்டியாருக்கு வழிவிட்டார். உடல்நலக் குறைவால் சுப்பராயலு விலகவே, 1921 ஜூலையில் பனகல் அரசர் ராமராயநிங்கார் முதல் அமைச்சரானார். அவர்களது ஆட்சிக் காலத்தில் அரசுப் பணி நியமனங்களில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்கான முதல் அரசாணை 1921 செப்டம்பர் 16 அன்று வெளியானது. பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் தீர்மானத்தையும் சட்டமன்றம் அதே ஆண்டில் நிறைவேற்றியது.

அமைச்சரவையை அமைக்கக்கூடியவர் அமைச்சராகாமல் இருந்ததால் அவரது செல்வாக்கு குறையவில்லை. சட்டமன்ற உறுப்பினராகவும் கட்சித் தலைவராகவும் அவர் நீடித்தார். மாநகராட்சிப் பணியும் தொடர்ந்தது.

தீராத கறை

அவரது பொதுவாழ்வைப் போற்றுவோரும் கடந்து செல்ல இயலாத அத்தியாயம் 1921-ஆம் ஆண்டின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம். பெரம்பூர் ஆலையில் சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்ய, ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பணிக்குச் சென்றனர். மோதல் புளியந்தோப்புக்குப் பரவியது. குடிசைகள் தீக்கிரையாயின, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டியதே கலவரத்துக்குக் காரணம் என்று நீதிக்கட்சித் தலைவர்கள் குற்றம் சாட்டினர்.

எரிந்த குடிசைகள் அவர் பணியாற்றிய நகரின் எல்லைக்குள்ளேயே இருந்தன. கட்சியில் இருந்த ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜாவின் அதிருப்தி முற்றி, 1923-இல் அவர் விலகினார். எல்லா வகுப்பினருக்கும் உரிய பங்கு கேட்ட இயக்கம், மிகவும் ஒடுக்கப்பட்டோரின் நம்பிக்கையைக் காத்துக்கொள்ளத் தவறியது. இத்தவறில் கட்சித் தலைவருக்கும் பங்குண்டு என்பதை வரலாற்றாய்வாளர்கள் சுட்டிக்காட்டி வருகின்றனர்.

திட்டம் நின்ற ஆண்டு

சிற்றுண்டித் திட்டத்துக்கும் சோதனை காத்திருந்தது. தொடக்கக் கல்விக்கென ஒதுக்கிய நிதியிலிருந்து உணவுச் செலவைச் செய்ய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. இதனால் 1925 ஏப்ரல் 1 முதல் திட்டம் நிறுத்தப்பட்டது. அப்போது மாகாணத்தில் ஆட்சியில் இருந்தது தியாகராயரின் கட்சியே. தலைவர் தொடங்கிய திட்டத்தைத் தணிக்கை விதி ஒன்று நிறுத்தியது. அதைத் தடுக்க அவரது அமைச்சர்கள் முன்வரவில்லை.

அதே 1925-ஆம் ஆண்டில் தியாகராயர் காலமானார். அப்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று. கட்சித் தலைமை பனகல் அரசரிடம் சென்றது. நிறுத்தப்பட்ட சிற்றுண்டித் திட்டம் சில ஆண்டுகளுக்குப் பின் மாநகராட்சியால் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டது.

சென்னையின் மேற்கே நீண்டு கிடந்த ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து 1920-களில் உருவான குடியிருப்புக்குத் தியாகராய நகர் என்று பெயரிடப்பட்டது. அதன் நடுவே அமைந்த பூங்கா பனகல் அரசரின் பெயரைப் பெற்றது. நாளடைவில் தியாகராய நகர் தி. நகராகச் சுருங்கியது. அங்கு புடவையும் நகையும் வாங்க வருவோரில் பலர் அந்த ஓரெழுத்துக்குப் பின்னால் இருப்பவரை அறிய மாட்டார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி இயங்குகிறது. ரிப்பன் மாளிகை வளாகத்தில் அவரது சிலை நிற்கிறது.

ஓரணாவிலிருந்து நாடு முழுவதற்கும்

தியாகராயர் ஒரு பள்ளிக்குக் கேட்டதை 1956-இல் முதலமைச்சர் காமராஜர் மாநிலத் திட்டமாக விரிவுபடுத்தினார். 1982-இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக வளர்த்தார். மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய அளவில் பள்ளி ஊட்டச்சத்துத் திட்டத்தைத் தொடங்கியது. எனினும் பல மாநிலங்களில் பிள்ளைகளுக்குத் தானியம் மட்டுமே அளந்து தரப்பட்டது. சமைத்த உணவே வழங்கப்பட வேண்டும் என்று டெல்லியில் உள்ள உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று உத்தரவிட்ட பிறகே நாடு முழுவதும் பள்ளிகளில் அடுப்பு எரியத் தொடங்கியது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சட்ட உரிமையாக்கியது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்குக் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது.

இந்நெடும்பயணத்தின் தொடக்கத்தில் இருந்தது பேரரசின் ஆணையோ நாடாளுமன்றச் சட்டமோ அன்று. நகரின் ஒரு பகுதியில் ஒரு பள்ளி காலியாகிறது என்பதை அறிந்த மன்ற உறுப்பினர் ஒருவர், அதை விவாதப் பொருளாக்கியதே தொடக்கம்.

உறுப்பினர் இல்லாத நகரங்கள்

நகர மன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரின் இடம் இன்றும் எங்கும் உறுதியானதாக இல்லை. தியாகராயர் தலைமை வகித்த சென்னை மாநகராட்சி மன்றமே 1973-இல் கலைக்கப்பட்டு, 1996 வரை தேர்தலின்றி அதிகாரிகளால் நடத்தப்பட்டது. 2016-இல் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பின்னும் 2022 வரை தேர்தல் நடைபெறவில்லை. இப்போது அங்கு 200 வார்டுகள் உள்ளன.

நாட்டின் தலைநகரில் நிலைமை வேறு. டெல்லி மாநகராட்சியில் 250 வார்டுகளிலிருந்து உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஆனால் வெளிநாட்டுத் தூதரகங்களும் தமிழ்நாடு இல்லமும் அமைந்துள்ள சாணக்யபுரி, அம்மாநகராட்சியின் எல்லைக்குள் வராது. அது என்டிஎம்சி எனப்படும் புதுடெல்லி நகராட்சி கவுன்சிலின் பகுதி. 1994-ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் இக்கவுன்சிலின் தலைவர் அரசு அதிகாரி ஆவார். தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினர்களும் அதில் இடம்பெறுகின்றனர். மற்றவர்கள் அதிகாரிகளும் நியமன உறுப்பினர்களும் ஆவர். வார்டு தேர்தல் கிடையாது.

சாணக்யபுரியின் சாலைகள் அகலமானவை, மரநிழல் நிறைந்தவை. குடிநீரும் மின்சாரமும் கவுன்சில் வழியாகவே வருகின்றன. சேவையின் தரத்தில் இப்பகுதி டெல்லியின் பல வார்டுகளை விஞ்சி நிற்கிறது என்பது பரவலான கருத்து. அதிகாரிகளின் நிர்வாகமே திறமையானது என்று வாதிடுவோர் இதையே சான்றாகக் காட்டுகின்றனர். ரிப்பன் பிரபுவின் தீர்மானம் 1882-இல் எதிர்கொண்டதும் இதே வாதத்தைத்தான்.

தூதரக மாளிகைகளின் பின்புறம், பணியாளர் குடியிருப்புகளிலும் குடிசைகளிலும் வாழ்வோர் இப்பகுதியிலும் உண்டு. அவர்களது குழாயில் நீர் வராவிட்டால், அவர்களது பிள்ளைகளின் பள்ளியில் வருகை குறைந்தால், அவர்கள் முறையிட நாடாளுமன்ற உறுப்பினர் இருக்கிறார், சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறார், அதிகாரிகள் இருக்கின்றனர். தெருவின் வாக்கைப் பெற்று, அத்தெருவுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்ட மன்ற உறுப்பினர் இல்லை. நாற்பது ஆண்டுகள் தியாகராயர் வகித்த பதவி அத்தகையது. ஆயிரம் விளக்கின் ஒரு பள்ளியில் பிள்ளைகள் பசித்திருந்த செய்தி மன்றத்தின் மேசைக்கு வந்து சேர்ந்தது அத்தகைய பதவி இருந்ததால்தான்.